மழைமானிக்குத் தப்பிய மழை

2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லடாக்கின் லே நகரப் பகுதியில் மழை கொட்டியது. சேறும் பாறையுமாகப் புரண்டு வந்த வெள்ளம் பேருந்து நிலையத்தையும் மருத்துவமனையையும் சூறையாடியது. பக்கத்துச் சொக்லம்சரில் பச்சை மண்கல்லால் கட்டிய வீடுகள் அடையாளம் தெரியாமல் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் லேயில் இருந்த மழைமானி காட்டியதோ வெறும் 12.8 மில்லிமீட்டர்!

கருவியில் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. மேகவெடிப்பின் குணமே அப்படி. 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை மேகவெடிப்பு என்கிறது இந்திய வானிலைத் துறை. 20 சதுர கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மணி நேரத்தில் இறங்கும் தண்ணீர் 200 கோடி லிட்டர். சில கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது வெறும் தூறலாக இருக்கலாம்.

இவ்வளவு தண்ணீர் எப்படி மேலே சேர்கிறது? ஈரக்காற்று மலைச்சரிவில் மோதினால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஏற ஏறக் குளிர்ந்து, நீராவி துளியாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ள, கீழிருந்து புதிய ஈரம் இழுபடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் துளி வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழக்கூடியது; மேலெழும் காற்று அதைவிட வேகமாக இருந்தால் துளி விழ முடியாமல் அங்கேயே தங்கிப் பெருக்கிறது. காற்றின் பிடி தளர்ந்ததும் மொத்தமும் இறங்குகிறது. மேகத்தை நகர்த்தும் மேல்காற்றும் மந்தமாக இருந்துவிட்டால், எல்லாம் ஒரே பள்ளத்தாக்கின் தலையில்தான்.

சமவெளியிலும் மழை இப்படி ஓரவஞ்சனை செய்வதுண்டு. 2005 ஜூலை 26 தொடங்கி 24 மணி நேரத்தில் மும்பை சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே நகரத்தின் கொலாபாவில் 73தான்.

டாப்ளர் ரேடார் இத்தகைய மேகம் வளர்வதைப் பார்த்துவிடும், ஆனால் எச்சரிக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே. மலைகள் ரேடார் அலையை மறைத்தால் அதுவும் போயிற்று. எனவே இமயத்தின் பள்ளத்தாக்குகளில் சிறு ரேடார்களும் தானியங்கி மழைமானிகளும் இன்னும் நெருக்கமாக வேண்டும். மலையோடையின் அருகே தங்கியிருப்பவர்கள் மேலே வானம் இருண்டு, ஓடை நீர் திடீரெனக் கலங்கி, இரைச்சல் கூடினால் ஓடையோடு கீழே ஓடக்கூடாது; உடைமைகளை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.