மற்றத் தோட்டாக்கள் எங்கே?

வெண்ணந்தூர்ப் படிப்பகத்துத் திண்ணையிலே ஒரு மாலை. தறிச் சத்தம் ஓய்ந்திருந்த நேரம். பழைய செய்தி ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டித் துப்பாக்கி சுடும் தளத்தில், 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தனர். அங்கிருந்து வந்த தோட்டா, தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சை மருத்துவமனையில் அறுவை செய்து அதை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று பிள்ளை மாண்டான். தளத்தில் சுடுவதை நிறுத்தினார்கள். உதவித்தொகை அறிவித்தார்கள். ஏடுகள் கண்ணீர் வடித்தன. பிறகு வேறு செய்திக்குப் போயின.

கேட்டுக்கொண்டிருந்த தறித் தோழர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, அந்த ஒரு தோட்டாவ எடுத்துட்டாங்க. இத்தன வருசமாச் சுட்டதெல்லாம் எங்கீங்க போச்சு?"

நமக்குச் சுருக்கென்றது. சுடுகிறவர் எண்ணுவது இலக்கில் பட்டதை. ஊரார் எண்ணுவது தப்பி வந்ததை. மண்ணுக்குள் போனதை எண்ணியவர் யார்?

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையல்ல. பாய்ந்து போகும் குண்டு, துப்பாக்கியின் வகைக்கேற்ப, 4 கிராம் முதல் 10 கிராம் வரை எடை உள்ளது. வெளியே செம்புக் கலவைக் கவசம். உள்ளே பெரும்பாலும் ஈயம். குண்டுக்கு 5 கிராம் ஈயம் என்றே வைத்துக்கொள்வோம். லட்சம் குண்டு சுட்டால் 500 கிலோ. அரை டன் ஈயம்! அதுவும் ஊர் முழுதும் பரவிக் கிடப்பதில்லை. இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டிலும் குன்றின் அடிவாரத்திலும் குவிந்து கிடக்கும். நார்த்தாமலையோ பாறைக் குன்றுகளின் ஊர். விஜயாலய சோழீச்சரம் நிற்கும் ஊர். மண்ணில் பாய்ந்த குண்டு ஓரளவு முழுசாக இருக்கும். பாறையில் மோதியது பொடியாகும். பொடியானது காற்றோடு போகும், மழையோடும் போகும்.

ஈயம் இரும்பைப் போலச் செந்துரு பிடித்துத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஈரம் பட்டு வெண்ணிறப் பொருக்காகி, மெல்ல மெல்லக் கரைகிறது. புளிப்பு மண்ணிலே வேகமாக, சுண்ணாம்பு மண்ணிலே நிதானமாக. கரைந்ததிலும் பெரும்பகுதி ஆழத்துக்கு இறங்குவதில்லை. மேல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு தலைமுறைக் கணக்கில் கிடக்கும். நாம் ஏர் பூட்டி உழுவது அந்த மேல் மண்ணைத்தானே! மரவள்ளியும் நிலக்கடலையும் அதற்குள்தானே விளைகின்றன! திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்து வரும்போது கண்ணே காட்டிக் கொடுக்கிறது, மூக்கே சாட்சி சொல்கிறது. மண்ணில் கலந்த ஈயத்துக்கு அப்படி நிறமுமில்லை, நாற்றமுமில்லை.

தவழும் பிள்ளை மண்ணைத் தொட்ட விரலை வாயில் வைக்கும். ஈயம் குருதியில் ஏறினால் மூளை வளர்ச்சி குன்றும், படிப்பு மந்தமாகும், சோகை பிடிக்கும். இவ்வளவு வரை கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அதனால்தான் 2000 ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கினார்கள். 2017 முதல், வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றும் தடுத்தார்கள். நன்று. சுவரிலே இருக்கக்கூடாத ஈயம், ஆடு மேயும் மண்ணிலே மட்டும் இருக்கலாமா?

இது நார்த்தாமலையோடு நிற்கும் கதையுமல்ல. நமக்கு இன்னும் அருகிலே, மணப்பாறை வட்டம் அணியாப்பூரை ஒட்டி வீரமலைப்பாளையம் துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. அங்கே பயிற்சி நடக்கும் நாட்களில் மனிதர் நடமாடக்கூடாது, கால்நடை மேய்க்கக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். தேதி முடிந்ததும் தடை முடிந்தது. தேதி பார்த்தா ஈயம் வேலை செய்கிறது!

காஷ்மீரத்தின் பட்காம் மாவட்டத்திலே தோசமைதான் என்று ஒரு புல்வெளி. 1964 முதல் 2014 வரை, அரை நூற்றாண்டு, பட்டாளத்தின் பீரங்கிக் களம். வெடிக்காத குண்டுகளை மிதித்தும் பொறுக்கியும் இறந்தவர் அறுபதுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள் அந்த ஊரார். அவர்கள் போராடினார்கள், குத்தகை நீட்டிக்கப்படவில்லை. பட்டாளமே இறங்கி 83 நாட்கள் குண்டுகளைத் தேடி அழித்தது. பாராட்டுகிறோம். ஆயினும் 2018 இல் அங்கே மீண்டும் ஒரு குண்டு வெடித்து இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். இரும்பைத் தேடும் கருவிக்கே இரும்பு தப்பிவிட்டது. வெடிமருந்தின் உப்பும் ஈயப் பொடியும் அந்தக் கருவிக்குத் தெரியுமா? அதற்கு மண்ணை அள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் படைத்தளத்தின் கீழே இருந்த நிலத்தடி நீரில் வெடிமருந்து கலந்தது. கேப் காட் மக்களுக்குக் குடிநீர் தரும் ஊற்று அது. 1997 இல் சுற்றுச்சூழல் துறை, குண்டு சுடுவதை நிறுத்து என்று பட்டாளத்துக்கே ஆணையிட்டது. ஈயக் குண்டுக்கு மாற்றாகப் பிறகு டங்ஸ்டன் குண்டு கொண்டுவந்தார்கள். கடைசியில் அதுவும் நிலத்தடி நீரில் இறங்கியது கண்டு கைவிட்டார்கள். பட்டாளத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் ஒரு சுற்றுச்சூழல் துறைக்கு! நம் நாட்டிலே நினைத்துப் பார்க்கவே சற்றுத் துணிவு வேண்டும்.

சுத்தம் செய்வது இயலாத காரியமா? இல்லை. முதலில் மண்மேட்டை அளந்து, கட்டம் கட்டமாக மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். பிறகு சல்லடை. நம் வீட்டுப் பெண்கள் முறத்திலே கல் பொறுக்குவதும் அரிசி களைவதும் போலத்தான்: பெரிய துண்டு சல்லடையில் நிற்கும், சிறிய துண்டு கனத்தினால் தண்ணீரில் அடியில் தங்கும். எடுத்த ஈயத்தை உரிய ஆலையில் உருக்கலாம். அதற்கு விலையும் உண்டு. எஞ்சிய பொடிக்குப் பாஸ்பேட் கலந்தால், ஈயம் எளிதில் கரையாத கல்லைப் போல் உறைந்துவிடும். வயலுக்குப் போடும் உரத்தில் இருக்கிறதே, அதே சத்துதான்! மிகவும் கெட்ட மண்ணை வெட்டியெடுத்து, கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற காப்புள்ள புதைகுழிக்கு அனுப்ப வேண்டும். செலவு உண்டு, மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கூடவே கூடாது: தோட்டா பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் ஏழையின் கையில் இந்த வேலையை விட்டுவிடுவது. அவன் வீட்டு அடுப்பிலே ஈயம் உருகினால், புகையைச் சுவாசிப்பது அவன் பிள்ளை.

கதவைப் பூட்டினால் மண் சுத்தமாகாது என்பதைக் கொடைக்கானல் நமக்குக் கற்றுக் கொடுத்தது. பாதரச வெப்பமானி ஆலை 2001 இல் மூடப்பட்டது. 2003 இல் பாதரசக் கழிவைக் கப்பலேற்றினார்கள். மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் விட்டுவைக்கலாமா, அதற்கும் கீழே போக வேண்டுமா என்ற வழக்காடலோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆலைக்காரரோடு வாதாடவே அத்தனை காலம்! துப்பாக்கி வைத்திருப்பவரோடு வாதாட எத்தனை காலமோ?

பட்டாளம் பயிற்சி பெறக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதிலே நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த ஈயத் தூசியை முதலில் சுவாசிப்பவர்களும் அவர்கள்தாம். டில்லியைச் சாடிவிட்டுக் கோட்டையைத் தட்டிக்கொடுப்பதும் நம் நோக்கமல்ல. நார்த்தாமலையில் மத்தியப் படையும் சுட்டது, மாநிலக் காவலரும் சுட்டனர். இருவர் குண்டும் ஈயம்தான்.

வெள்ளைக்காரன் காலத்திலே, 1938 இல், படைப் பயிற்சிக்கென்று ஒரு சட்டம் எழுதினார்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட நிலத்தை, முடிந்தவரை, முன்னிருந்த நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று அதிலேயே படைத் தலைவருக்குக் கடமை விதித்தார்கள். அன்று நினைத்தது மிதிபட்ட பயிரையும் உடைந்த வேலியையும்தான் போலும். இன்று மண்ணுக்குள்ளே பார்க்கவும் விதி வந்துவிட்டது. 2025 ஜூலையில் டில்லி சர்க்கார் வெளியிட்ட மாசுபட்ட இடங்கள் பற்றிய விதிகளின்படி, ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும். கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும்.

எனவே நாம் கேட்பது புதிய சட்டமல்ல. புதுக்கோட்டை ஆட்சியரின் பட்டியலில் பசுமலைப்பட்டித் தளம் இடம்பெற வேண்டும். திருச்சி ஆட்சியரின் பட்டியலில் வீரமலைப்பாளையம் இடம்பெற வேண்டும். மண்மேட்டிலும் ஓடையிலும் ஊர்க் கிணற்றிலும் ஈயம் எவ்வளவு என்று அளந்து, அந்தத் தாளைத் தமிழிலே எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் குருதியையும், பெற்றோர் ஒப்புதலோடு, சோதிக்க வேண்டும். அதை முதலில் செய்யட்டும். சல்லடையை யார் பிடிப்பது, எந்தக் கஜானாவிலிருந்து பணம் வருவது என்று டில்லியும் கோட்டையும் பிறகு பேசிக்கொள்ளட்டும்.