பாதியில் நின்ற வேலைகள் எங்கே உறங்குகின்றன?

1945ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆலன் டூரிங் ஒரு கணினிக்கான திட்ட அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கணினி அப்போது காகிதத்தில் மட்டுமே இருந்தது. ஒரு கணக்கின் நடுவே துணைக் கணக்கு ஒன்றைச் செய்யப் போனால், முடித்துவிட்டு எந்த இடத்துக்குத் திரும்புவது என்பதை எந்திரம் எப்படி நினைவில் வைத்திருக்கும்? திரும்ப வேண்டிய இடத்தின் குறிப்பைப் 'புதைத்து'விட்டுப் போகட்டும், வேலை முடிந்ததும் அதைத் 'தோண்டி' எடுக்கட்டும் என்றார் டூரிங். அவர் ஆங்கிலத்தில் வைத்த பெயர்களுக்கும் அதுதான் பொருள். ஜெர்மனியில் பிரீட்ரிக் பவரும் கிளாவுஸ் சாமெல்சனும் இதையொத்த எண்ணத்தை வளர்த்து, 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் இட்ட பெயர் 'நிலவறை'.

இன்று நிரலாளர்கள் அதை ஸ்டாக் என்கிறார்கள். தமிழில் அடுக்கு. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போதெல்லாம் அடுக்கின் மேல் ஒரு தட்டு ஏறுகிறது. திரும்ப வேண்டிய முகவரியும், கணக்கின் பாதியில் இருக்கும் மதிப்புகளும் அந்தத் தட்டில் இருக்கும். வேலை முடிந்தால் தட்டு இறங்கிவிடும். அடுக்கின் உச்சி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் புரோசசருக்குள் இருக்கும் ஸ்டாக் பாயிண்டர் என்ற ரெஜிஸ்டர் எப்போதும் சுட்டிக்கொண்டிருக்கும்.

மேலே வைத்த தட்டு முதலில் முடிந்தாக வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. காத்திருத்தல் என்று ஒன்று வந்ததும் இந்த ஒழுங்கு தடுமாறுகிறது. மேல் தட்டில் இருக்கும் ஃபங்ஷன் தொலைவில் உள்ள ஒரு சர்வரிடம் ஏதோ கேட்டிருக்கிறது. பதில் வர 100 மில்லி விநாடி ஆகும். மனிதருக்கு அது கண்ணிமைக்கும் நேரம். 3 கிகாஹெர்ட்ஸ் புரோசசருக்கு அதற்குள் 30 கோடி துடிப்புகள் கடந்துவிடும். அவ்வளவு நேரமும் கீழே உள்ள எல்லாத் தட்டுகளும் அசையாமல் நிற்க வேண்டியதுதானா?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரைக் கவனித்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். ஒருவரின் பத்திரம் வில்லங்கச் சான்றுக்காக நிற்கிறது என்றால், அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரின் வேலையை எடுப்பார். எப்படி ஓரமாக வைப்பது என்பதில்தான் கணினி மொழிகள் பிரிகின்றன.

வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மேசை போடலாம். இயக்க அமைப்பு தரும் த்ரெட்டுகள் அப்படிப்பட்டவை. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் அடுக்குக்கு வழக்கமாக 8 எம்பி முகவரிப் பரப்பு ஒதுக்கப்படுகிறது. பத்தாயிரம் இணைப்புகளுக்கு அது 80 ஜிபி. தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே உண்மையான ராம் செலவாகும் என்பது ஆறுதல். ஆனாலும் ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒவ்வொரு முறையும் இயக்க அமைப்பின் மையமான கெர்னலுக்குள் போய் வர வேண்டும். ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரைத் தாங்குமா என்ற கேள்விக்கு 1999இல் நிரலாளர் டான் கெகல் 'சி10கே' என்று பெயர் வைத்தார். அடுத்து வந்த பல வடிவமைப்புகளுக்கு அந்தக் கேள்வியே தூண்டுகோல்.

மேசை ஒன்றே ஒன்று என்றால் இரண்டு வழிகள் உண்டு. 'நான்காம் பத்தி முடிந்தது, எல்லை விவரம் பாக்கி' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டு மேசையைத் துடைத்துவிடலாம். அல்லது ஆளுக்கொரு சின்ன ட்ரே வைத்து, காகிதங்கள் இருந்தது இருந்தபடியே ட்ரேயைத் தூக்கி ஓரமாக வைக்கலாம்.

சீட்டு வழிதான் 'அசிங்க்–அவெய்ட்'. 2012இல் சி ஷார்ப், 2015இல் பைத்தான், 2017இல் ஜாவாஸ்கிரிப்ட், 2019இல் ரஸ்ட் என்று மொழிக்கு மொழி பரவியது. எங்கெங்கே நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் கம்பைலரே ஃபங்ஷனைத் துண்டுகளாக வெட்டி, அடுத்த துண்டுக்குத் தேவையானதை மட்டும் சீட்டில் குறித்துக்கொள்கிறது. நினைவகம் மிகக் குறைவாகவே போதும். ஆனால் நிற்கக்கூடிய ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவரும் நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவரைக் கூப்பிடுகிறவரும் அப்படியே. 2015இல் நிரலாளர் பாப் நிஸ்ட்ரம் இதை நிறமாக விளக்கினார்: ஃபங்ஷன்கள் சிவப்பு, நீலம் என்று பிரிந்துவிடுகின்றன; சிவப்பைச் சிவப்பிலிருந்து மட்டுமே கூப்பிட முடியும். அடியில் ஒரு வரியை மாற்றினால், சாயம் உச்சி வரை ஏறிவிடும்.

ட்ரே வழியில் இந்தச் சாயம் ஏறுவதில்லை. அங்கே நடப்பது ஸ்டாக் மாற்றம். அதன் உள்வேலை வியக்க வைக்கும் அளவுக்குச் சிறியது.

இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் 64 பிட் புரோசசர்களில் லினக்ஸ் ஓர் அழைப்பு ஒப்பந்தத்தைப் பின்பற்றுகிறது. அதன்படி, கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் ஸ்டாக் பாயிண்டரைத் தவிர ஆறு பொது ரெஜிஸ்டர்களை மட்டும் கெடாமல் திருப்பித் தந்தால் போதும். மற்றவை மாறிவிடலாம் என்பது கூப்பிட்டவருக்கு முன்பே தெரியும். தனக்கு வேண்டியதை அவர் அடுக்கில் பத்திரப்படுத்தியிருப்பார். ஆகவே ட்ரே மாற்றும் ஃபங்ஷன் அந்த ஆறையும் பழைய அடுக்கின் மேல் வைக்கிறது. ஸ்டாக் பாயிண்டரின் மதிப்பை ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. புதிய அடுக்கின் உச்சி முகவரியை ஸ்டாக் பாயிண்டரில் போடுகிறது. அங்கிருந்து ஆறு மதிப்புகளை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் 'திரும்பு' என்கிறது. மிதவைப் புள்ளிக் கணக்குக்கான சில அமைப்புகளை விட்டுவிட்டால், மொத்தம் சுமார் பதினைந்து கட்டளைகள், சில நானோ விநாடிகள்.

அந்தக் கடைசிக் கட்டளையில்தான் நுட்பம் இருக்கிறது. 'திரும்பு' என்றால் அடுக்கின் உச்சியில் உள்ள முகவரிக்குப் போ என்று மட்டுமே புரோசசருக்குப் பொருள். இப்போது உச்சியில் இருப்பது வேறோர் அடுக்கில் சேமித்த திரும்பும் முகவரி. ஒருவர் கூப்பிட்ட ஃபங்ஷன் இன்னொருவரிடம் போய்த் திரும்புகிறது! முன்பு எப்போதோ பாதியில் நின்றவர், தான் கூப்பிட்டது இப்போதுதான் முடிந்தது என்று எண்ணி, விட்ட வரியிலிருந்து தொடர்கிறார். இதுவரை ஓடியே இராத புத்தம்புது அடுக்குக்குத் திரும்ப ஏது இடம்? நிரலோடு சேர்ந்து ஓடும் மொழியின் ரன்டைம் முன்கூட்டியே அதில் ஆறு பொய் மதிப்புகளையும், தொடங்க வேண்டிய ஃபங்ஷனின் முகவரியையும் கையால் வைத்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று இடம்விட்டு ஓடும் இத்தகைய நிரல்களுக்கு 'கோரூட்டீன்' என்ற சொல்லை மெல்வின் கான்வே 1958இலேயே உருவாக்கிவிட்டார்.

ட்ரேயை மாற்றுவது எளிது. எவ்வளவு பெரிய ட்ரே வைப்பது என்பதுதான் பல ஆண்டுகள் பொறியாளர்களை வாட்டிய கேள்வி. 2009இல் வெளியான கோ மொழி முதலில் ஒரு ட்ரே நிரம்பினால் பக்கத்தில் இன்னொன்றைக் கோத்துக்கொண்டது. விளிம்பில் நிற்கும் ஒரு ஃபங்ஷன் சுழற்சிக்குள் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் புது ட்ரேயை எடுப்பதும் திருப்பித் தருவதுமாகவே நேரம் கரைந்தது. 2014இல் கோ 1.3 வேறு முடிவெடுத்தது: நிரம்பினால் இரு மடங்கு ட்ரேயை எடுத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடு. அதே ஆண்டில் வந்த கோ 1.4இல் தொடக்க அளவு 2 கேபி ஆயிற்று. பத்தாயிரம் வேலைகளுக்கு 20 எம்பி போதும்.

இடம் மாற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. 'அந்த ட்ரேயில் மூன்றாவது காகிதம்' என்று வேறு யாராவது குறித்து வைத்திருந்தால், அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். எந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று கோ கம்பைலருக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால், ரன்டைம் அவற்றைத் திருத்திவிடுகிறது. சி மொழியில் அது நடக்காது. ரன்டைம் சுமையே இல்லாமல் சி நிரல்களோடு கலந்து ஓட விரும்பிய ரஸ்ட், 2015இல் 1.0 வெளிவருவதற்கு முன்பே ட்ரே வழியைக் கைவிட்டது. அதன் நோக்கத்துக்கு அது பொருத்தமான முடிவுதான்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த ஓகேமல் மொழிக்குள் ட்ரே மாற்றும் வசதியைப் பொருத்திய குழுவை நடத்தியவர்களில் முக்கியமானவர் சென்னை ஐஐடி பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன். அந்த மொழியில் ஒவ்வொரு வேலையும் மிகச் சிறிய அடுக்கில் தொடங்கி, தேவைப்பட்டால் வளர்கிறது. ஆனால் சி மொழி நூலகங்கள் அடுக்கில் இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. அதனால் சி ஃபங்ஷனைக் கூப்பிடும்போது மட்டும் ஓகேமல் இயக்க அமைப்பின் பெரிய அடுக்குக்குத் தாவி, முடிந்ததும் திரும்பிவிடுகிறது. புதிய வசதியைத் தொடாத பழைய நிரல்கள் சராசரியாக ஒரு சதவீதம் மட்டுமே மெதுவாயின என்று குழுவின் 2021ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை காட்டியது. பல ஆண்டுப் பழைய நிரல்களில் ஒரு வரியும் மாற்றாமல் இதைச் சாதித்தது பெரிய காரியம். 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளியானது.

2023 செப்டம்பரில் ஜாவா 21 வேறு பாதையில் போனது. வேலை நிற்கும்போது தட்டுகளை அடுக்குக்கு வெளியே உள்ள ஹீப் நினைவகத்துக்கு நகலெடுத்துவிட்டு, தொடரும்போது மேல் தட்டுகளை மட்டும் முதலில் எடுத்து வருகிறது.

பாதுகாப்பு வல்லுநர்களுக்கு ட்ரே மாற்றும் வித்தை வேறு விதமாகத் தெரிகிறது. ஸ்டாக் பாயிண்டரைத் தங்கள் சொந்த நினைவகப் பகுதிக்குத் திருப்பிவிட்டு, அங்கே பொய் முகவரிகளை அடுக்கி வைப்பது ஊடுருவல்காரர்களின் பழைய உத்தி. ரன்டைம் செய்வதும் கட்டளை அளவில் அதுவேதான். இன்டெலின் புதிய புரோசசர்கள் திரும்பும் முகவரிகளுக்கு மட்டும் ஒரு நிழல் அடுக்கை வைத்திருக்கின்றன. இரு அடுக்குகளிலும் உள்ள முகவரிகள் பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். லினக்ஸ் 2023இல், 6.6 பதிப்பில், சாதாரண நிரல்களுக்கு இந்தக் காவலைக் கிடைக்கச் செய்தது. இந்தக் காவலோடு ஓடும்போது ட்ரேயை மாற்றும் ரன்டைம் அதன் நிழலையும் மாற்றியாக வேண்டும். அதற்கென்றே தனிக் கட்டளைகளை இன்டெல் கொடுத்திருக்கிறது. மாறப்போகும் நிழல் அடுக்கின் உச்சியில் ஒரு டோக்கன் இருக்கிறதா என்று புரோசசரே பார்க்கிறது. இல்லையென்றால் தாவ விடுவதில்லை.