'10,000 கி.மீ. இன்னும் ஆகலையே!' - கார் சர்வீஸ் அட்டவணையில் நாம் படிக்காமல் விடும் வரி

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏழெட்டு வளைவுகளைத் தாண்டியிருப்போம். கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று பேச்சை நிறுத்தினார். பின் சீட்டில் பாட்டி கொய்யாப்பழத்தைத் துண்டு போட்டுக் கொண்டிருந்தார். நான் முன் சீட்டில் இருந்ததால் அப்பாவின் காலைப் பார்க்க முடிந்தது. பிரேக்கை மிதிக்கிறார், அது பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே போகிறது. மறுபடி மிதிக்கிறார், இன்னும் ஆழமாகப் போகிறது.

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சரிவை ஒட்டிய பக்கமாக காரை ஒதுக்கி நிறுத்திவிட்டார். 30 வருட டிரைவிங் அனுபவம் கைகொடுத்த நிமிடம் அது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது. ஒரு சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அரைமணி நேரம் கழித்து அப்பா பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி கெட்டியாக இருந்தது! "நல்லாத்தானே இருக்கு... கிளம்பலாமா?" என்றார். அம்மா விட்ட பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது. அம்மாவையும் பாட்டியையும் அடுத்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். சேலத்திலிருந்து பைக்கில் வந்த எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணன், முதல் கியரிலேயே காரை உருட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளில் இருக்க வேண்டிய திரவம், கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பேனா மாதிரி ஒரு கருவியை உள்ளே விட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

"எத்தனை வருஷமா சார் இதை மாத்தல?" என்று கேட்டார். கார் வாங்கி ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் மாற்றவில்லை.

"நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

"நீங்கதானே சார், ஆயில் மாத்து, ஃபில்டர் மாத்து, வேற எதையும் தொடாதேன்னு சொன்னீங்க?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

'எது முதலில் வருகிறதோ, அது!'

அப்பா அலட்சியமான ஆள் கிடையாது. சரியாக 10,000, 20,000, 30,000 கி.மீ. என்று ஓடோமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஆயில் மாற்றியவர். ஆனால், எங்கள் கார் வருடத்துக்கு ஓடுவதே 5,000 கி.மீ.தான். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, எப்போதாவது ஏற்காடு. அதனால் ஒவ்வொரு ஆயிலும் இன்ஜினுக்குள் இரண்டு வருடம் கிடந்திருக்கிறது. கம்பெனி தந்த மூன்றாவது இலவச சர்வீஸைக்கூட '10,000 இன்னும் ஆகலையே' என்று காத்திருந்து, காலாவதியாக விட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்றுதான் அட்டவணை இருக்கும். சில நிறுவனங்கள் 15,000 கி.மீ. என்கின்றன. எண் எதுவானாலும் பக்கத்திலேயே 'எது முதலில் வருகிறதோ, அது' என்று ஒரு வரி இருக்கும். நாம் படிக்காமல் விடுவது அந்த வரியைத்தான். காரணம், கிலோமீட்டர் டாஷ்போர்டில் கண்ணுக்கு எதிரே ஓடுகிறது. மாதங்கள் அப்படி ஓடுவதில்லை.

கார் சும்மா நின்றால் என்ன தேய்ந்துவிடப் போகிறது என்று தோன்றும். இன்ஜினைப் பொறுத்தவரை, அவ்வப்போது ஸ்டார்ட் செய்து பக்கத்துத் தெரு வரை போய்வருவதுதான் ஆயிலுக்குப் பெரிய சோதனை. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. அந்த ஈரமும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் கலக்கும. ஆயில் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகிவிடும். மூன்று கிலோமீட்டரில் ஆஃப் செய்துவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். ஆயிலைக் காக்கக் கலந்திருக்கும் ரசாயனங்களும் இதனால் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

பிரேக் ஆயில் கதை இன்னும் மோசம். பெயர்தான் ஆயில். உண்மையில் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ஒரு ரசாயனத் திரவம். மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல் உப்பு தானாகக் கசிவதில்லையா, அந்தமாதிரி. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். 'டாட் 4' வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிர்ணயம். அதில் 3.7 சதவிகிதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. 'டாட் 3' வகைக்கு 205 டிகிரி, 140 டிகிரி.

சமவெளியில் ஓட்டும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடியே வந்தால், பிரேக் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு திரவத்துக்கு ஏறும். அதிலிருக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழ் விடும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் நம் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆவி அப்படியில்லை, அழுத்தினால் சுருங்கும். பெடல் பஞ்சாவது அதனால்தான். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும். 'நல்லாத்தானே இருக்கு' என்று அப்பா ஏமாந்தது இங்கேதான். அன்று கிளம்பியிருந்தால் அடுத்த நாலைந்து வளைவில் மறுபடி அதே நிலைமை வந்திருக்கும்.

அப்பா மூன்றாவது கியரில் இறங்கியதும் தப்பு. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரி டிரைவர்களின் பழைய பாடம். சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் வேறு இறங்குகிறார்கள். இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை அணையாமல் வைக்கப் பெட்ரோல் செலவாகும்.

பிரேக் ஆயிலை மாற்ற, பெரும்பாலான மேனுவல்கள் சொல்லும் கெடு இரண்டு அல்லது மூன்று வருடம். எங்களுக்கு ஆன செலவு, கூலியோடு சேர்த்து 850 ரூபாய்.

டாஷ்போர்டில் தெரியாத கணக்கு

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நான் ஓனர்ஸ் மேனுவலை முதல்முறையாகத் திறந்தேன். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. அதில் வழக்கமான சர்வீஸ் அட்டவணைக்குப் பக்கத்திலேயே 'கடினமான சூழலில் ஓட்டுபவர்களுக்கு' என்று இன்னொரு அட்டவணை. பல கம்பெனி மேனுவல்களில் இது இருக்கிறது. அதில் ஆயில், ஏர் ஃபில்டர் போன்றவற்றுக்கான இடைவெளி குறைகிறது. சிலவற்றில் நேர் பாதியாகிறது.

கடினமான சூழல் என்றதும் ராஜஸ்தான் பாலைவனம், லடாக் பனி என்று நினைத்தேன். அந்தப் பட்டியலைப் படியுங்கள்: அடிக்கடி குறைந்த தூரப் பயணம், தூசி நிறைந்த சாலை, நின்று நின்று நகரும் டிராஃபிக், நீண்டநேரம் இன்ஜின் ஐடிலில் ஓடுவது, கடும் வெயில். சென்னையில் மெட்ரோ வேலை நடக்கும் எந்தச் சாலையிலும் ஒரு நாள் ஓட்டினால் இவை அத்தனையும் வந்துவிடும். 'கடினமான சூழல்' என்பது நமக்கு அன்றாடம்!

சின்னக் கணக்கு ஒன்று. நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் 10,000 கி.மீ. ஓட்ட, இன்ஜின் சுமார் 167 மணி நேரம் ஓடியிருக்கும். நகர டிராஃபிக்கில் சராசரி வேகம் 15 கி.மீ. என்று வைத்தால், அதே தூரத்துக்கு 667 மணி நேரம். ஓடோமீட்டர் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயில் உழைத்ததோ நான்கு மடங்கு. தினமும் கிண்டியைக் கடந்து ஆபீஸ் போகிறவரும், வாரம் ஒருமுறை மதுரைக்குப் போய்வருகிறவரும் ஒரே 10,000-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இதற்கு நேரெதிர் கட்சியும் உண்டு. எங்கள் பெரியப்பா 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றியே தீருவார். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துப் பழக்கம். கார்புரேட்டர் இன்ஜினும் மினரல் ஆயிலும் இருந்த காலத்தில் அது சரியான கணக்குதான். இன்றைய சிந்தெட்டிக் ஆயில், எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோலை அளந்து தரும் இன்ஜின் இரண்டுக்கும் அது தேவையில்லை. இன்ஜின் கெடாது, பர்ஸ்தான் மெலியும்.

'இது மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?'

சரி, அப்பா ஏன் 'வேற எதையும் தொடாதே' என்றார்?

10,000 கி.மீ. ஆனபோது ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறார். பில் 9,800 ரூபாய். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து அதில் பாதிகூட இல்லை. மீதி? இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகக் கோட்டிங், டேஷ்போர்டு பாலீஷ். போனில் கேட்டபோது 'கம்பெனி ரெகமெண்ட் பண்றது சார்' என்றார்களாம், இவரும் சரி என்றிருக்கிறார். அன்றைக்குப் போனவர்தான், அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தேவையில்லாததைத் தலையில் கட்டியதால், தேவையானதையும் நம்பாமல் போய்விட்டார். என்னைக் கேட்டால், அந்த மலைப்பாதையில் நாங்கள் நின்றதற்கு அந்த பில்லுக்கும் பங்கு உண்டு.

அந்த அயிட்டங்களில் ஒன்றுகூட எங்கள் காரின் அட்டவணையில் இல்லை. சில கம்பெனி மேனுவல்கள், இன்ஜின் ஆயிலில் கூடுதலாக எந்த ரசாயனத்தையும் கலக்காதீர்கள் என்றே எச்சரிக்கின்றன. 'கம்பெனி ரெகமெண்ட் பண்றது' என்றால் அது மேனுவலில் இருக்க வேண்டும். அதனால் சர்வீஸ் அட்வைசரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?" கோபப்படாமல் கேளுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்திலேயே டவுன்லோடு செய்யலாம்.

வாரன்டி பயம் இன்னொரு பக்கம். வாரன்டி காலத்தில் அட்டவணைப்படி சர்வீஸ் செய்யாமல் விட்டு இன்ஜினில் பிரச்னை வந்தால், கம்பெனி கைவிரிக்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்த வருடங்களில் தேதியைத் தவறவிடாதீர்கள், பில்களைப் பத்திரமாக வையுங்கள். விற்கும்போதும் அவைதான் பேசும். அதேநேரம், 'வெளியே கை வைத்தாலே வாரன்டி போச்சு' என்ற மிரட்டலை இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே ஏற்கவில்லை. உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு அது. வெளியே ரிப்பேர் பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது, அந்தத் தவறான ரிப்பேரால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாரன்டி முடியும்வரை கம்பெனி சென்டர், அதன்பிறகு நம்பிக்கையான மெக்கானிக் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவரும் வழி.

அப்படியானால் மேனுவல்தான் வேதமா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரம் செய்ய இடைவெளி நீளமாக இருப்பது கம்பெனிக்கும் வசதி. மூன்று, நான்கு வருடத்தில் காரை மாற்றுகிறவருக்கு அது போதும். பத்து, பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் ஆயிலைச் சற்று முன்கூட்டியே மாற்றுவதில் நஷ்டமில்லை. கெடுவைத் தாண்டவே கூடாத விஷயங்களும் உண்டு. உங்கள் காரில் டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட் இருந்தால், அது சொல்லாமல் கொள்ளாமல் அறுகிற சாமான். அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் அதை எப்போது மாற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு இன்ஜின் ஆயில்தான் இல்லை, பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் அங்கேயும் உண்டு.

எங்கள் வீட்டில் பால் கணக்கும், சிலிண்டர் மாற்றிய தேதியும் அம்மாவின் மாத காலண்டரில்தான் இருக்கும். இப்போது அதில் காருக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார். இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் என்று மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் நேரே தேதி. கிலோமீட்டரை எழுதவில்லை. கேட்டதற்கு, "அதைத்தான் உங்கப்பா பார்த்துக்கறாரே" என்கிறார்.