வேலைக்குப் போன வண்டி

இயந்திரவியல், இரண்டாமாண்டு மாணவன்



தலைப்பைப் பார்த்ததும் இது சினிமா விமர்சனம் என்று நினைத்தவர்கள் தாராளமாக அடுத்த பக்கம் போகலாம். கவிதை எழுத நம் வகுப்பிலேயே பதினான்கு பேர் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. எனக்கு வந்து சேர்ந்தது ஒரு நிலக்கரி வேகன். அதுவும் இங்கிலாந்து வேகன். நீளம் 66 மில்லிமீட்டர்!

நம் நூலகத்தில் ஜன்னல் ஓர அலமாரியின் கடைசித் தட்டில் பைண்டு செய்த பழைய ஆங்கில ரயில்வே புத்தகம் ஒன்று கிடக்கிறது. யாரும் எடுத்த மாதிரி தெரியவில்லை. அதில் அந்த வேகனின் வரைபடம் இருந்தது. முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் மூன்றும் அளவுகளோடு. எங்கள் குடும்பத்தில் வரைபடம் பார்த்துப் பொருள் சொல்லத் தெரிந்த முதல் ஆள் நான்தான். (முதல் பருவத்தில் டிராயிங்கில் அரியர் வைத்த கதையை இங்கே பேச வேண்டாம்.) அந்தத் தைரியத்தில் செய்து பார்க்கலாமே என்று இறங்கினேன்.

முதலில் நிஜ வண்டியைத் தெரிந்துகொள்வோம். 1913-இல் பிரிட்டனில் வெட்டிய நிலக்கரி 28 கோடியே 70 லட்சம் டன். அதற்கு மேல் அந்த நாடு எந்த வருஷமும் வெட்டியதில்லை. இவ்வளவு கரியையும் சுமந்தது குட்டிக் குட்டி மர வேகன்கள். நான்கே சக்கரம். எட்டு டன், பத்து டன், பிறகு பன்னிரண்டு டன், அவ்வளவுதான் கொள்ளளவு. இதில் வேடிக்கை என்னவென்றால், லட்சக்கணக்கான வேகன்கள் ரயில்வேக்குச் சொந்தமே இல்லை. சுரங்க முதலாளிகளும் கரி வியாபாரிகளும் சொந்தமாக வேகன் வாங்கி விட்டிருந்தார்கள். சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று இஷ்டத்துக்கு வண்ணம் அடித்து, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர் எழுதிக்கொண்டார்கள். ஓடுகிற விளம்பரப் பலகை! கீழே மூலையில் சிறிய எழுத்தில், காலியானதும் எந்தச் சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் இருக்கும்.

ஆளுக்கு ஒரு அளவில் வேகன் கட்டினால் ரயில்வே என்ன ஆகும்? அதனால் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் என்ற பொது அமைப்பு 1887, 1907, 1923 ஆகிய வருஷங்களில் வேகனுக்கான தர அளவுகளை வெளியிட்டது. என் கையில் கிடைத்தது 1923 மாதிரி, பன்னிரண்டு டன், ஏழு பலகை உயரம்.

பெரிய வேகன் கட்டினால் லாபம்தானே என்று கேட்கலாம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1920-களில் 20 டன் வேகனுக்குக் கட்டணச் சலுகை கொடுத்துக் கூப்பிட்டும் பார்த்தது. ஆனால் சுரங்கத்தில் கரி சலித்துக் கொட்டும் இடம், எடை மேடை, துறைமுகத்தில் வேகனைத் தூக்கும் இயந்திரம், வியாபாரியின் சின்ன ஷெட், எல்லாமே குட்டி வண்டிக்காகக் கட்டியவை. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். யார் காசு போடுவது?

சௌத் வேல்ஸ் துறைமுகங்களில் கரி இறக்கியதைச் சொல்லியே ஆக வேண்டும். வேகனை அப்படியே மேலே தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். வேகனின் முனையில் மேலே கீல் வைத்த கதவு திறந்து, கரி சரிவு வழியாகக் கப்பலுக்குள் விழும். அதனால்தான் பல வேகன்களில் பக்கக் கதவோடு முனைக் கதவும் உண்டு. பக்கக் கதவு வியாபாரியின் ஆட்கள் திறந்து ஷவலால் அள்ளுவதற்கு. மாடலில் கதவு எந்தப் பக்கம் என்று வைப்பதற்கு முன்னால் அந்த வண்டி எங்கே போய்க் காலியாகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தில் மாடல் செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு, நிஜத்தில் ஒரு அடிக்கு மாடலில் 4 மி.மீ. அதாவது சுமார் 76-இல் ஒரு பங்கு. வண்டி நீளம் 16 அடி 6 அங்குலம், ஆகவே 66 மி.மீ. அகலம் 8 அடி, 32 மி.மீ. இரண்டு அச்சுக்கும் நடுவில் 9 அடி, 36 மி.மீ. சக்கர விட்டம் 3 அடி 1½ அங்குலம், 12.5 மி.மீ. இதுவரை சுலபம்.

தண்டவாள அகலத்தில்தான் சிக்கல். 4 அடி 8½ அங்குலத்துக்கு 18.83 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் விற்கும் மாடல்கள் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகின்றன. அந்த 16.5 என்பது அடிக்கு 3.5 மி.மீ. என்ற வேறொரு அளவுக்கு உரியது. பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. அந்தக் கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். விளைவு? நிஜக் கணக்கில் ஏழு அங்குலம் ஒடுங்கிய பாதை. முன்னால் நின்று பார்த்தால் வண்டி முழங்காலை ஒட்டி வைத்து நிற்கிற மாதிரி இருக்கும். பிரேக் கட்டை சக்கரத்துக்கு நேராக இல்லாமல் வெளியே தொங்கும். பிடிக்கவே முடியாத பிரேக்!

எனக்கு அந்தக் கவலை இல்லை. என்னிடம் தண்டவாளமே கிடையாது. அதனால் 18.83-க்கே வைத்தேன். ஒர்க் ஷாப் சாரிடம் அனுமதி கேட்டு, பித்தளைக் கம்பியில் சக்கரங்களை லேத்தில் கடைந்தேன். நான்கு நல்ல சக்கரம் கிடைக்க ஏழு ஸ்கிராப்பில் போயிற்று. உடலுக்கு ஒரு மில்லிமீட்டர் அட்டை. பலகைக் கோடுகளை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் உள்ளேயும் வெளியேயும் கீறினேன். உள்பக்கத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பாதி நேரம் இந்த வண்டி காலியாகத்தானே திரும்பி வரும்? அப்போது உள்ளேதான் எல்லோர் கண்ணும் போகும்.

இன்னொரு விஷயம். மர ரேகை வரட்டுமே என்று ஊசியால் ஆழக் கீறிவிடாதீர்கள். மாடலில் கால் மில்லிமீட்டர் கீறல் என்பது நிஜப் பலகையில் 19 மி.மீ. பள்ளம். அப்படி வெடித்த பலகையை எந்தச் சுரங்கத்துக்காரரும் வைத்திருக்க மாட்டார்.

முதல் வண்டி தயார். பளபளக்கும் சிவப்பு எனாமல், வெள்ளை எழுத்து. கரிதானே ஏற்றுகிறார்கள் என்று உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்தேன். விடுதியில் எல்லோரும் "சூப்பர்டா" என்றார்கள். அந்த வாரமே ஊருக்குக் கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா ஒரு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கரி வேகனைக் கவிழ்க்கும் டிப்ளர் பக்கம் அவருக்கு வேலை. கவிழ்த்த பிறகும் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதைக் குத்தி விடுவார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. கேட்டால், "உனக்கு எதுக்கு அது, நீ படி" என்பார். வண்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது வேலைக்குப் போன வண்டியா?"

எனக்குப் புரியவில்லை.

"கரி கறுப்புதான். அதுக்காக வேகன் உள்ள கறுப்பாவா இருக்கும்? கொட்டுறப்ப அத்தன கரியும் ஒரசிக்கிட்டுல்ல போவுது. இரும்பா இருந்தா துருவும் பளபளப்புமா இருக்கும். மரம்னா தேஞ்சு வெளுத்துப் போயிருக்கும். கறுப்பு மூலையிலதான் நிக்கும்."

நூலகப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பெயர் எழுதிய வேகன்களின் படங்களில் நிறைய, குளோஸ்டர் போன்ற ஊர்களின் வேகன் கம்பெனிகள், வண்டி புதிதாக வெளியே வந்த நாளில் எடுத்து வைத்தவை. அந்த ஒரு நாள் மட்டும்தான் வண்டி அப்படி இருந்தது! கல்யாண போட்டோவைப் பார்த்து ஒருவர் தினமும் பட்டு வேட்டியில்தான் இருப்பார் என்று நினைத்த கதைதான் என்னுடையது. நிறத்தையும் அந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து பிலிமில் சிவப்பு இருட்டாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும்.

இரண்டாவது வண்டியை அப்பாவோடு உட்கார்ந்து செய்தேன். நான் வரைபடத்தைப் படித்துச் சொல்வேன். எங்கே அழுக்கு வரும் என்று அவர் சொல்வார்.

மர வேகனின் உள்பக்கத்துக்குப் பெரும்பாலும் வண்ணமே அடிப்பதில்லை, வெறும் பலகைதான். மரம் என்றதும் பழுப்பு வண்ணத்தை எடுக்காதீர்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் சாம்பல் நிறமாகிவிடும். ஊரில் பழைய மாட்டு வண்டிப் பலகையைப் பாருங்கள், தெரியும். வெளுத்த சாம்பலை அடித்து, ஒவ்வொரு பலகையையும் கொஞ்சம் மாற்றி, நீர்த்த கறுப்பை இடுக்குகளில் ஓட விட்டுத் துணியால் துடைத்தேன். வெளியே கரித்தூள் தங்குவது அடிச்சட்டத்தின் மேல் விளிம்பு, மூலை இரும்புத் தகடுகளின் ஓரம், கதவுக்குக் கீழே. பக்கக் கதவு திறந்து கீழே விழுந்து மோதுவதால் அதில் அடிபட்ட தழும்பு இருக்கும். அச்சுப் பெட்டியைச் சுற்றி எண்ணெய்க் கறை. பிரேக் லிவரின் நுனி மட்டும் கை பட்டுப் பட்டு மினுங்கும். இந்த வேகன்களுக்கு இன்ஜினிலிருந்து இயங்கும் பிரேக் கிடையாது. செங்குத்தான இறக்கத்துக்கு முன்னால் ரயிலை நிறுத்தி, ஒவ்வொரு வண்டியாக லிவரை அழுத்தி முளை போட்டுக்கொண்டு போவார்கள். எத்தனை கை பட்டிருக்கும்!

கதவுக்குக் கீழே எவ்வளவு தூள் என்று கேட்டபோது, அப்பா விரலைத் தூளில் தோய்த்து அவரே தேய்த்துவிட்டார். ரேகை பதிந்துவிட்டது. 76 மடங்கு பெரிதாக்கினால் அது ராட்சசன் கை. இருந்தாலும் நான் துடைக்கவில்லை.

கரி ஏற்றிய வண்டி வேண்டுமென்றால் நிஜக் கரியே போதும். தெர்மோகோலைக் குவியலாக வெட்டி, கறுப்பு அடித்து, தண்ணீர் கலந்த பெவிகாலில் கரியைத் தூவுங்கள். அப்பாவின் பேன்ட் மடிப்பில் வந்ததே எனக்கு நான்கு வேகனுக்குப் போதுமானதாக இருந்தது. 4 மி.மீ. துண்டு என்றால் நிஜத்தில் ஒரு அடிக் கட்டி. வீட்டு அடுப்புக்கான பெரிய கட்டியா, பாய்லருக்கான பொடிக் கரியா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சலித்த கரி ஒரே அளவாக இருக்கும். இரண்டையும் கலந்தால் கண்டுபிடிக்க அப்பா மாதிரி ஒருவர் போதும்.

எந்த வருஷத்து வண்டி என்பதும் முக்கியம். 1939-இல் போர் தொடங்கியதும் தனியார் வேகன்களை அரசு எடுத்துப் பொதுவில் சேர்த்தது. அதற்கு முன் காலியானதும் தன் சுரங்கத்துக்கே திரும்பிய வண்டி, பிறகு நாடு முழுக்கச் சுற்றியது. மறுபடி வண்ணம் அடிக்க ஆள் ஏது? 1948 ஜனவரி 1-இல் ரயில்வே நாட்டுடைமை ஆனபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் வேகன்கள் பிரிட்டிஷ் ரயில்வேயிடம் வந்தன. சின்னக் கறுப்புப் பட்டை அடித்து அதில் 'பி' என்ற எழுத்தோடு எண் போட்டார்கள், அவ்வளவுதான். உடைந்த பலகைக்குப் பதில் வெறும் புதுப்பலகை. பழைய கம்பெனிப் பெயர் அந்த ஒரு பலகையில் மட்டும் விட்டுப்போய், மேலும் கீழும் பாதி எழுத்தாக நிற்கும். என் மூன்றாவது வண்டி அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

அடுத்து 16 டன் இரும்பு வேகன். போரின் கடைசியில் தொடங்கி 1950-கள் வரை கட்டினார்கள், இரண்டு லட்சத்துக்கும் மேல். சாம்பல் நிறம், பக்கவாட்டில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின் மேல் நுனி எந்த முனையைக் காட்டுகிறதோ அங்கேதான் முனைக் கதவு. இதற்குத் துருதான் உயிர். முதலில் துரு நிறம் அடித்து, ஈரமாக்கி, மெஸ்ஸில் கிடைக்கும் உப்பை அங்கங்கே ஒட்டி, மேலே சாம்பல் ஸ்பிரே அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்தால் பெயின்ட் உரிந்த மாதிரியே வரும். நிஜத்தில் துரு வந்து ஓட்டையான இடத்தில் தகடு வைத்து வெல்டு செய்வார்கள். அந்த ஒட்டுக்குச் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் தாள் சரியான கனம். (தாள் டீக்கடையில் பொறுக்கியது, சார்!)

பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெலிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. கரியில் ஓடிய கடைசி மின் நிலையம் ராட்கிளிஃப், 2024 செப்டம்பர் 30-இல் நின்றது. இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அங்க கரி குத்துன ஆளுங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார். என் புத்தகத்தில் அது இல்லை.

நான்கு வண்டிகளும் விடுதியில் என் அறை ஜன்னலில் நிற்கின்றன. பார்க்க வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கலாம். கையில் கரி ஒட்டும், சட்டையில் துடைக்காதீர்கள்.