ஒலிபெருக்கி – மிகைப்பி பொருத்தம்

ஒலிபெருக்கி – மிகைப்பி பொருத்தம் என்பது, ஓர் ஒலிபெருக்கியைத் திரிபின்றியும் பழுதின்றியும் இயக்கவல்ல மிகைப்பியைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். உயர்தர வீட்டு ஒலியமைப்புகளில் உணர்திறன், மின்மறுப்பு, வெளியீட்டு மின்மறுப்பு, திறன் ஆகிய நான்கும் சேர்த்தே கருதப்படுகின்றன.

உணர்திறன்

2.83 வோல்ட்டு அளிக்கும்போது 1 மீட்டர் தொலைவில் எழும் ஒலியழுத்த மட்டம் உணர்திறன் எனப்படும். இது டெசிபெல்லில் குறிக்கப்படுகிறது. இம்மின்னழுத்தத்தில் 8 ஓம் ஒலிபெருக்கி 1 வாட்டும், 4 ஓம் ஒலிபெருக்கி 2 வாட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டிற்கும் ஒரே உணர்திறன் அறிவிக்கப்பட்டிருந்தாலும், பின்னதற்கு இருமடங்கு திறன் தேவை.

ஒலிமட்டம் 3 டெசிபெல் உயரத் திறன் 2 மடங்காகவும், 10 டெசிபெல் உயர 10 மடங்காகவும் பெருக வேண்டும். பி.பி.சி. 1970களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஒலிபெருக்கியின் உணர்திறன் ஏறத்தாழ 83 டெசிபெல் ஆகும். பால் கிளிப்சு 1940களில் உருவாக்கிய கிளிப்சுகார்ன் என்னும் கொம்புவகை ஒலிபெருக்கியின் உணர்திறன் 100 டெசிபெல்லுக்கும் மேற்பட்டது. முன்னது 20 வாட்டில் தரும் ஒலியைப் பின்னது அரை வாட்டுக்கும் குறைவான திறனில் தந்துவிடும்.

மின்மறுப்பு

“8 ஓம்” என்பது பெயரளவு மதிப்பே. உண்மையான மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். பெயரளவு மதிப்பின் 80 விழுக்காட்டிற்குக் கீழ் அது இறங்கலாகாது என்பது ஐ.இ.சி. 60268-5 சீர்தரம், அதாவது 8 ஓம் ஒலிபெருக்கிக்குக் குறைந்த அளவு 6.4 ஓம். எனினும் இதனைப் பின்பற்றாத ஒலிபெருக்கிகளும் உண்டு. மின்மறுப்பு குறையும்போது மின்னோட்டம் கூடுவதால், ஆற்றல் குறைந்த மிகைப்பி சூடேறிப் பழுதடையலாம்.

வெளியீட்டு மின்மறுப்பு

இங்கு “பொருத்தம்” என்பது இரு மின்மறுப்புகளையும் சமமாக்குவதன்று. மிகைப்பியின் வெளியீட்டு மின்மறுப்பு ஒலிபெருக்கியினுடையதைவிட மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 4 முதல் 20 ஓம் வரை மாறும் ஒலிபெருக்கியை 2 ஓம் வெளியீட்டு மின்மறுப்பு கொண்ட வெற்றிடக்குழல் மிகைப்பியுடன் இணைத்தால், அதிர்வெண்களுக்கிடையே ஏறத்தாழ 2.7 டெசிபெல் வேறுபாடு தோன்றும்; இது காதுக்குப் புலப்படும். 0.05 ஓம் கொண்ட திரிதடைய மிகைப்பியில் இவ்வேறுபாடு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு.

திறனும் பாதுகாப்பும்

சிறிய மிகைப்பி ஒலிபெருக்கிக்குத் தீங்கு செய்யாது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முற்றிலும் சரியன்று. மிகைப்பியை அதன் எல்லைக்கு மேல் இயக்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. அப்போது சராசரித் திறன் கூடுவதுடன் உயர் அதிர்வெண் கூறுகளும் பிறக்கின்றன. இவை டுவீட்டரின் மெல்லிய சுருளை எரித்துவிடக்கூடும். தேவைக்கு மேல் திறனுள்ள மிகைப்பியை அளவோடு இயக்குவது இதனினும் பாதுகாப்பானது. ஆயினும் அளவு மீறினால் அதுவும் ஒலிபெருக்கியைச் சிதைக்கும்.

தெரிவு செய்தல்

முதலில் ஒலிபெருக்கியின் உணர்திறனையும் குறைந்த மின்மறுப்பையும் அறிதல் வேண்டும். பின்னர் கேட்கும் தொலைவு, அறையின் அளவு, விரும்பும் ஒலிமட்டம் ஆகியவற்றைக் கொண்டு திறனைக் கணக்கிடலாம். இசையின் உச்சங்கள் சராசரியைவிட 10 டெசிபெல்லுக்கு மேல் உயர்வது வழமை. ஆதலால், சராசரியாக 2 வாட்டு போதுமான இடத்திலும் 20 வாட்டோ அதற்கு மேலோ வழங்கும் மிகைப்பியே ஏற்றது.