மழை வரும் முன்னே மலாய்ச் சொல் அறிவோம்!

பாட்டி வானத்தைப் பார்த்து மழை சொல்வார். பேரனோ கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொல்கிறான். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் வானிலை இலாகாவின் எச்சரிக்கை மலாய் மொழியில் வரும்போது, வீட்டில் எல்லோருக்கும் அது புரிகிறதா?

'ஹூஜான்' என்றால் மழை என்பது நமக்குத் தெரியும். 'ஹூஜான் ரென்யாய்' தூறல். 'ஹூஜான் லெபாட்' கனமழை. விடாமல் பெய்யும் அடைமழை 'ஹூஜான் பெர்தெருசான்'. பட்டை நனைந்தால் பால் மங்கில் சேராது, மரத்திலேயே வழிந்துவிடும். ஆகவே பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது வருமானக் கணக்கு.

'கீலாட்' என்பது மின்னல். ஆனால் 'பாஞ்சிர் கீலாட்' மின்னல் வெள்ளமல்ல. மின்னல் வேகத்தில் வரும் திடீர் வெள்ளம். 'ரிபுட் பெத்திர்' என்றால் இடியுடன் கூடிய புயல்மழை. அதைக் கேட்டால் செம்பனைக் காட்டில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

'கபூஸ்' மூடுபனி, வெயில் ஏறினால் கலையும். 'ஜெரெபு' புகைமூட்டம், 1997-இலும் 2015-இலும் நம்மை வாட்டியது இதுதான். அதற்கு முகக்கவசம் வேண்டும்.

அடைமழை எச்சரிக்கையில் மூன்று படிகள் உண்டு. மஞ்சள் 'வஸ்பாடா', அதாவது விழிப்பாயிரு. ஆரஞ்சு 'பூரோக்', நிலைமை மோசம். சிவப்பு 'பஹாயா', ஆபத்து! இந்தச் சொல் அந்நியமல்ல. நம் 'பயம்' பிறந்த அதே சமஸ்கிருத வேரில் பிறந்தது. 'மெகா' நமது மேகம். 'சூரியா' நமது சூரியன். உறவுக்காரச் சொற்களைப் படிப்பது கடினமா, என்ன?

ஜொகூர்க்காரர்கள் மறக்க முடியாத பாடம் ஒன்று உண்டு. 2006 டிசம்பரிலும், மீண்டும் 2007 ஜனவரியிலும் வெள்ளம் வந்தது. கோத்தா திங்கி இருமுறை மூழ்கியது. சிகாமட்டும் பத்து பகாட்டும் தத்தளித்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். 'பிண்டா', இடம் மாறுங்கள் என்ற ஒரு சொல் அன்று உயிர்ச்சொல்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அதற்குள் தினம் ஒரு சொல்லாக, பள்ளி செல்லும் பிள்ளையே பாட்டிக்கு ஆசிரியராகட்டும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து மூன்றையும் ஒரே பையில் கட்டி வையுங்கள். 'பஹாயா' என்று காதில் விழுந்ததும், பேரன் வரும்வரை காத்திராமல் பாட்டியே பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும்!