தண்ணீர் கேனுக்கு வெயில் ஆகாது

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் எங்கள் சேத்தியாத்தோப்பில் தண்ணீர் கேனுக்கு ஏக கிராக்கி. வீராணம் ஏரித் தண்ணீர் 2004லிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் குழாயில் சென்னைக்குப் போகிறது. நாங்களோ கேன் வாங்கிக் குடிக்கிறோம்! அது கிடக்கட்டும். உச்சி வெயிலில் கேன்களையும் பாட்டில்களையும் அடுக்கி வைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச வந்தேன்.

சின்ன பாட்டில்கள் 'பெட்' என்ற பிளாஸ்டிக். அதைத் தயாரிக்கும்போது ஆன்டிமனி என்ற பொருளின் கலவையைச் சேர்க்கிறார்கள். அது பாட்டிலிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். நிழலில் இருந்தால் இறங்குவது மிகமிகக் குறைவு; பயப்பட வேண்டாம். சூடு ஏறினால்தான் வேகம். அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சி 2008ல் வெளிவந்தது. 60 டிகிரி சூட்டில் வைத்த பாட்டில் தண்ணீர், அமெரிக்காவின் வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட 176 நாள் ஆகும். 80 டிகிரியில் 2.3 நாளே போதும். வெயிலில் 80 டிகிரி ஏது என்பீர்கள். வெயிலில் இல்லைதான், நம் அடுப்படியில் உண்டே! காலி பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் ரசமும் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறவர்கள் எத்தனை பேர்!

பெரிய கேன்களில் பல 'பாலிகார்பனேட்'. இதிலிருந்து இறங்குவது பிஸ்பினால்-ஏ. உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தார் 2008ல் சோதித்தபோது, கொதிநீர் பட்ட பாலிகார்பனேட் பாட்டிலிலிருந்து அது 15 முதல் 55 மடங்கு வேகமாக இறங்கியதாம். பாட்டில் புதிதா பழசா என்பதைவிட, சூடுதான் முக்கியம்.

பக்கத்து வீட்டுப் பெண் மூன்று மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள். தாய்ப்பால் போதாமல் டாக்டர் சொல்லிப் புட்டிப்பாலும் தருகிறாள். அக்காள் வீட்டிலிருந்து வந்த பழைய புட்டி, கண்ணாடி மாதிரி பளபளவென்று கெட்டியாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 7. ('இதர வகை' என்று அர்த்தம், பாலிகார்பனேட்டும் அதில்தான் சேரும்.)

"நல்லாக் கொதிக்க வெச்சுட்டுத்தானே அத்தை குடுக்கிறேன்?" என்றாள்.

"கிருமிக்கு அது சரி கண்ணு. இந்தப் பிளாஸ்டிக்குக்கு அதுதான் ஆகாது" என்றேன். பாவம், சுத்தமாக இருக்க வேண்டுமென்று தினமும் இரண்டு வேளை கொதிக்க வைத்திருக்கிறாள்! ஐரோப்பிய நாடுகள் 2011லேயே பால் புட்டியில் பிஸ்பினால்-ஏ கூடாதென்று தடுத்தன. நம் இந்திய தர நிர்ணய அமைவனம் 2015ல் விதியை மாற்றியது. அதற்கு முந்தைய புட்டிகள் பரணில் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இருக்கவே இருக்கிறது. எவர்சில்வரில் வாங்கினால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொதிக்க வைக்கலாம்.

கேன் வந்ததும் நான் எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ ஊற்றிவிடுவேன். காலிக் கேனும் அடுப்புப் பக்கம் நிற்காது. சிதம்பரமோ விருத்தாசலமோ, பஸ்ஸில் கிளம்பினால் கையில் எவர்சில்வர் கூஜா. கனம்தான், என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார், தூக்குவதும் அவர்தான்!